போரா, காவிரியா, டேங்கரா, மழையா? பெங்களூரு வீட்டு மீன்குளத்துக்குத் தண்ணீரும் ஃபில்ட்டரும்

பின்கட்டில் மீன்குளம் வைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஃபில்ட்டரைத்தான். கடைக்காரர் யூ.வி. (புற ஊதா) விளக்கு வைத்த பிரெஷர் ஃபில்ட்டரைக் காட்டுகிறார். பிளம்பர் நீல டிரம் ஒன்றே போதும் என்கிறார். செடி நட்டாலே தண்ணீர் தெளிந்துவிடும் என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு தண்ணீருக்குச் சரிதான். உங்கள் வீட்டுத் தண்ணீர் எது என்று மூவருமே கேட்கவில்லை என்பதுதான் சிக்கல்.

இந்த ஊரில் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளுக்கு வேறு வேறு தண்ணீர் வரும். அல்சூரில் காவிரிக் குழாய் வந்து பல பத்தாண்டு ஆகிவிட்டது. ஹொரமாவு, சர்ஜாபூர் பக்கம் போரும் (ஆழ்துளைக் கிணறு) டேங்கர் லாரியும்தான் பலருக்குக் கதி. அதனால் தண்ணீரை முதலில் முடிவு செய்துவிட்டு ஃபில்ட்டருக்கு வருவோம்.

கீழே வரும் கணக்கெல்லாம் ஒரே அளவுக் குளத்துக்கு: 8 அடி நீளம், 4 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் இரண்டேகால் அடி. கொள்ளளவு ஏறக்குறைய 2,000 லிட்டர். 30க்கு 40 அடி சைட்டில் (மனையில்) கார் நிறுத்தியது போக இதற்கு மேல் இடம் கிடைப்பது அரிது. பத்துப் பன்னிரண்டு கோல்டு ஃபிஷ்ஷுக்கு இது தாராளம். கோய் கார்ப்புக்குப் போதாது. கடையில் விரல் நீளத்தில் விற்கும் கோய் இரண்டடி வரை வளரும். அதற்கு ஆழமும் வேண்டும், இதைப்போல் பல மடங்கு தண்ணீரும் வேண்டும்.

கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால், 3 சதுர மீட்டர் பரப்பிலிருந்து தினம் 18 லிட்டர் போகும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 லிட்டர், மாற்ற வேண்டும். இரண்டும் சேர்த்து மாதம் சுமார் 1,350 லிட்டர். இந்த 1,350 லிட்டர் மே மாதத்திலும் உங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்குமா என்பதுதான் முதல் சோதனை.

## எதை வைத்து எடை போடுவது

தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு 'தண்ணீர் நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டுவது பெங்களூரில் ஒரு பழக்கம். மீனுக்கு அந்த எண் அவ்வளவு முக்கியமில்லை. கோல்டு ஃபிஷ் 150லும் வாழும், 900லும் வாழும். 150இலிருந்து 900க்கு ஒரே மணி நேரத்தில் மாற்றினால்தான் தாங்காது.

அதைவிட முக்கியமானது காரத்தன்மை, அதாவது தண்ணீர் அமிலமாகிவிடாமல் தாங்கும் சக்தி. மீன் வளர்ப்போர் கே.எச். என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று தெரியும். பன்னிரண்டு மீனுக்குத் தினம் 20 கிராம் தீவனம் போடுகிறீர்கள். அதில் 35 சதவீதம் புரதம் என்றால், நாளுக்கு ஏறத்தாழ 0.6 கிராம் அம்மோனியா தண்ணீரில் சேரும். ஃபில்ட்டரில் குடியேறும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். மாற்றும் வேலையில் ஒவ்வொரு கிராம் அம்மோனியாவுக்கும் சுமார் 7 கிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். நம் குளத்தில் இது மாதம் 130 கிராமுக்கு மேல்; லிட்டருக்கு 65 மில்லிகிராம். காரத்தன்மை குறைவான தண்ணீரை நிரப்பி வைத்தால் இரண்டு மாதத்தில் கையிருப்பு காலி.

அப்புறம் நடப்பது இது: பி.எச். (அமில-கார அளவு) சரிந்து 6.5க்குக் கீழே போகிறது. பாக்டீரியா மந்தமாகி, 6ஐ நெருங்கும்போது வேலையை நிறுத்திவிடுகிறது. அம்மோனியா சேர்கிறது, ஆனால் அமிலம் ஏறிய தண்ணீரில் அது பெரும்பாலும் நஞ்சில்லாத வடிவில் இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கிறது. தண்ணீர் சரியில்லை என்று தோன்றி நீங்கள் பி.எச். 8 உள்ள போர் தண்ணீரைத் திறந்து விடுகிறீர்கள். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7இல் மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவே நஞ்சாக இருக்கும். பி.எச். 8இல் அது 5 சதவீதம், 8.5இல் 15 சதவீதம். மறுநாள் காலை மீன்கள் மிதக்கும். 'தண்ணீர் மாற்றிய அன்றே செத்தது' என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். புதுத் தண்ணீர்மேல் பழி போடுவதில் பயனில்லை.

காரத்தன்மை போக, பார்க்க வேண்டியவை நான்கு: குளோரின், இரும்பு, நைட்ரேட், ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் தண்ணீர் எவ்வளவு மாறுகிறது என்பது. பி.எச்., கே.எச்., அம்மோனியா, நைட்ரைட் காட்டும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். ஃபில்ட்டருக்கு முன் வாங்க வேண்டிய பொருள் அது.

## தண்ணீர்: நாலு வழி

### போர் தண்ணீர்

காரத்தன்மை தாராளமாக இருப்பதால், குளத்தின் அடிப்படைத் தண்ணீராகப் போர் நல்ல தேர்வு. உப்புத் தண்ணீர் என்று ஒதுக்குபவர்கள் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் உள்ள கவலையை மீன்மேல் ஏற்றுகிறார்கள்.

ஆனால் ஆயிரம் அடி ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு நிறைய, ஆக்சிஜன் மிகக் குறைவு. குழாயடியில் பி.எச். 6.8 காட்டும், ஒரு நாள் காற்றடித்த பிறகு அதே தண்ணீர் 8 காட்டும். அதனால் குழாயடியில் எடுத்த அளவை நம்பாதீர்கள். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப்பின் கல்லைப் போட்டு, 24 மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்.

பிடிக்கும்போது கண்ணாடி போல இருந்து, மறுநாள் வாளியின் அடியில் செம்மண் நிறத்தில் படிந்தால் அது இரும்பு. அப்படியே குளத்தில் விட்டால் மீனின் செவுளில் படியும். ஓட்டை போட்ட தட்டு ஒன்றின் வழியாக, இரண்டடி உயரத்திலிருந்து மழைபோல் தொட்டியில் விழ விடுங்கள். ஒரு நாள் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். இதற்கு 500 லிட்டர் தொட்டி ஒன்று தனியாக வேண்டும்; போரின் மறைமுகச் செலவு அதுதான்.

நகரத்துப் போர்களில் கழிவுநீர்க் கசிவால் நைட்ரேட் ஏறியிருப்பது சகஜம். குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டினாலும் கோல்டு ஃபிஷ் உடனே சாகாது, ஆனால் பாசி பெருகிக் குளம் பட்டாணி சூப் ஆகும். அந்தத் தண்ணீருக்குச் செடி ஃபில்ட்டர்தான் மருந்து.

வீட்டில் சாஃப்ட்னர் இருந்தால், குளத்துக்குப் போகும் குழாயை அதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைப் போடுகிறது. மீனுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, உப்புச் செலவு மட்டும் உங்களுக்கு. ஆர்.ஓ. கழிவு நீரைக் குளத்துக்கு விடலாமா என்றும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். போரில் இருக்கும் உப்பும் நைட்ரேட்டும் அதில் இன்னும் செறிந்திருக்கும். ஆவியாகும் குளத்தில் அதையே நிரப்பிக்கொண்டிருந்தால் செறிவு ஏறிக்கொண்டே போகும். பாத்திரம் ஊறப்போட, தரை துடைக்க அது போதும்.

### காவிரி

தரத்தில் எல்லாவற்றையும்விடச் சீரானது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக ஏற்றி அனுப்பும் தண்ணீர் அது. கடினத்தன்மை நடுத்தரம், இரும்புத் தொல்லை இல்லை.

குளோரின் உண்டு. சம்ப்பில் (நிலத்தடித் தொட்டி) இரண்டு நாள் இருந்த தண்ணீரில் குறைந்திருக்கும்; ஆனால் மூடிய சம்ப்பில் முழுவதும் போகாது. திறந்த தொட்டியில் 24 முதல் 48 மணி நேரம் காற்றடித்தால் போதும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட், கடையில் ஆன்டி குளோரின் என்றோ ஹைப்போ என்றோ கேட்டால் கிடைப்பது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 1,000 லிட்டருக்கு 7 கிராம் படிகம். வாளித் தண்ணீரில் கரைத்து, புதுத் தண்ணீர் குளத்துக்குள் போகும் முன்பே கலக்க வேண்டும். போன பிறகு அல்ல.

தயங்க வைப்பது வேறு விஷயம். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, கார் கழுவ, தோட்டத்துக்கு, கட்டுமானத்துக்கு, அழகு நீரூற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். 2025 பிப்ரவரியில் அதே தடை மறுபடி வந்தது. கோடை தோறும் இது திரும்பலாம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். கட்டணமும் அடுக்கடுக்காக ஏறும் முறை. குளத்துக்குப் போகும் ஆயிரத்துச் சொச்சம் லிட்டர் உங்கள் பயன்பாட்டை அடுத்த அடுக்குக்குத் தள்ளிவிடுகிறதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். முதல் நிரப்பலுக்குக் காவிரி, பிறகு வேறு வழி என்பது நியாயமான ஏற்பாடு.

### மழை

பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 முதல் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழை விழுந்தால், வீணாவது போகச் சுமார் 1,500 லிட்டர் பிடிக்கலாம். ஒரே மழையில் ஒரு மாதத் தேவை! பெரிய சைட்டுகளில் மழைநீர் சேகரிப்பு 2009 முதலே சட்டப்படி கட்டாயம் என்பதால் குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும். கிளை பிரித்தால் போதும்.

மழைநீரில் காரத்தன்மை அநேகமாகச் சுழியம். தனியாக இதை மட்டுமே நிரப்பினால் மேலே சொன்ன சரிவு சீக்கிரமே வரும். 1,000 லிட்டருக்கு 30 கிராம் சமையல் சோடா போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். நம் 2,000 லிட்டரைச் சுழியத்திலிருந்து ஐந்து டிகிரிக்குக் கொண்டுவர 300 கிராம்; அதை ஒரே நாளில் கொட்டாமல் நாலைந்து நாளில் பிரித்துப் போட வேண்டும். ஃபில்ட்டரில் இரண்டு கிலோ கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி வைத்தால் அது மெதுவாகக் கரைந்து கைகொடுக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழையை நம்ப முடியாது. நாலு மாதத்துக்கு 5,000 லிட்டர் தொட்டி வேண்டும். இடமும் விலையும் அதில்தான் போகும். ஒவ்வொரு மழைக்கும் முதல் 2 மில்லிமீட்டரை, நம் மாடிக்கு ஏறக்குறைய 190 லிட்டரை, வெளியே விட்டுவிட வேண்டும். ஏப்ரலின் முதல் மழையில் நாலு மாதத் தூசியும் புறா எச்சமும் வரும். வாட்டர்ப்ரூஃப் பூச்சு புதிதாக அடித்திருந்தால் அந்தப் பருவத்து மழைநீரையே விட்டுவிடுவது நல்லது. மாடிக் குழாயை நேராகக் குளத்தில் இறக்கும் தவறைப் பல வீடுகளில் பார்க்கலாம்: அரை மணி நேரக் கொட்டலில் குளத்துத் தண்ணீரில் பாதி மாறிவிடும், மிஞ்சியது மீனோடு வழிந்து சாக்கடைக்குப் போகும்.

### டேங்கர்

கடைசி வழி. 2024இல் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலையில் 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் லாரி 600 ரூபாய். ஆனால் தட்டுப்பாட்டில் கேட்கும் விலை வேறாகிவிடும். விலைகூடப் பரவாயில்லை. இந்த வாரம் ஒரு போர், அடுத்த வாரம் இன்னொரு போர். சில லாரிகளில் பிளீச்சிங் பவுடரும் கலந்திருப்பார்கள். லாரிக் குழாயை நேராகக் குளத்தில் விடவே கூடாது. சம்ப்பில் இறக்கி, அதிலிருந்து 200 லிட்டர் டிரம்மில் எடுத்து, குளோரினும் பி.எச்.சும் பார்த்து, ஒரு நாள் காற்றடித்துத்தான் குளத்துக்கு.

| தண்ணீர் | காரத்தன்மை | சேர்க்கும் முன் | மறைந்திருக்கும் செலவு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| போர் | அதிகம் | 24 மணி நேரம் காற்று. இரும்பு இருந்தால் படியவிடல் | தனித் தொட்டி, நைட்ரேட்டால் பாசி | சொந்தப் போர் கோடையிலும் வற்றாதபோது |
| காவிரி | நடுத்தரம் | குளோரின் நீக்கல் | கட்டண அடுக்கு, கோடைத் தடை | முதல் நிரப்பலுக்கு. சிறு குளத்துக்கு |
| மழை | அநேகமாக இல்லை | முதல் மழை நீக்கல், சோடா அல்லது கிளிஞ்சல் | 5,000 லிட்டர் தொட்டி | போரின் உப்பைத் தணிக்க. பருவ மாதங்களில் |
| டேங்கர் | லாரிக்கு லாரி வேறு | ஒவ்வொரு முறையும் சோதனை | நேரம், கவலை | வேறு எதுவும் இல்லாதபோது |

தேர்ந்தெடுக்கச் சொன்னால் எங்கள் கட்சி கலப்புதான்: மூன்று பங்கு போர், ஒரு பங்கு மழை. போர் காரத்தைத் தரும், மழை உப்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளும்.

## ஃபில்ட்டர்

முதலில் பம்ப். குளத்துத் தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபில்ட்டரைக் கடக்க வேண்டும். அதாவது மணிக்கு 1,000 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் தண்ணீரை மேலே தூக்காதபோது வரும் அளவு. சிறிய பம்ப்புகள் நாலைந்து அடி தூக்கும்போது பாதியாகிவிடும். அதனால் 2,000 போட்டிருப்பதை வாங்குங்கள். 30 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் மாதம் 22 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தால் 130 ரூபாய்தான். மலிவான 80 வாட் பம்ப் வாங்கினால் அதே கணக்கில் 345 ரூபாய்; விலையில் மிச்சம் பிடித்தது ஓராண்டில் மின்கட்டணமாகப் போய்விடும். குளத்து மின் இணைப்புக்கு மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தண்ணீரில் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்குவதும் கட்டாயம்.

### நீல டிரம்

நம் அளவுக் குளத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. 200 லிட்டர் டிரம்; எஸ்.ஜே.பி. ரோட்டுப் பக்கம் குழாயும் வால்வும் மொத்தமாக வாங்கிவிடலாம். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ரசாயன டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது.

தண்ணீர் அடியில் பக்கவாட்டாக நுழைந்து சுழல வேண்டும், கசடு அடியில் தங்க. அடிமட்டத்தில் ஒன்றரை அங்குல வடிகால் வால்வு. ஒரு அடி உயரத்தில் பி.வி.சி. கிரேட்டிங் வைத்து, அதன்மேல் கரடான ஸ்பாஞ்ச், அதற்கும் மேல் பாக்டீரியா குடியேற இடம். கடையில் விற்கும் பயோ பால் (பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உருண்டை) வேண்டுமென்பதில்லை. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரப்பர் ஐம்பது போட்டாலும் அதே வேலை நடக்கும். சோப்பு தடவி வரும் வகை மட்டும் கூடாது. மேலிருந்து இரண்டு அங்குலக் குழாய் வழியாகத் தண்ணீர் தானாகக் குளத்துக்குத் திரும்பும். உள்ளே வரும் குழாயைவிட வெளியேறும் குழாய் பெரிதாக இல்லாவிட்டால் டிரம் வழிந்து, காலையில் குளம் காலியாகியிருக்கும்.

வாரம் ஒருமுறை அடி வால்வைத் திறந்து 20 லிட்டர் விடுங்கள். கறிவேப்பிலைச் செடிக்கும் வாழைக்கும் அது உரம். ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரில்தான் அலச வேண்டும். காவிரிக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்று, ஆறு வாரம் பின்னே தள்ளிவிடும்.

### யூ.வி.யோடு பிரெஷர் ஃபில்ட்டர்

மூடிய டப்பா, மண்ணில் பாதி புதைக்கலாம், பார்க்க அழகு. தண்ணீரை அருவிக்கு ஏற்ற வேண்டுமென்றால் இது வசதி. யூ.வி. விளக்கு பச்சைத் தண்ணீரை ஓரிரு வாரத்தில் தெளிய வைக்கும். அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. தெளிந்த தண்ணீரில் மீன் சாவதைப் பார்த்து ஆட்கள் குழம்புவது இதனால்தான். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஓராண்டில் வலு குறைந்துவிடும், மாற்ற வேண்டும். கடினமான போர் தண்ணீரில் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாய்மேல் சுண்ணாம்பு படிந்து ஒளியை மறைக்கும்; மாதம் ஒருமுறை வினிகரில் துடைக்க வேண்டும்.

பெங்களூரில் இதற்குப் பெரிய எதிரி மின்வெட்டு. மூடிய டப்பாவில் ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீரும், பாக்டீரியா அழுகும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் முழுவதும் குளத்துக்குள் போகும். மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு இணையுங்கள்.

### செடிப் படுகை

நைட்ரேட் நிறைந்த போர் தண்ணீருக்கு இதுதான் சரியான விடை. மற்ற ஃபில்ட்டர்கள் நைட்ரேட்டில் போய் நின்றுவிடும். செடி அதையும் உண்ணும். குளப்பரப்பில் கால் பங்கு வேண்டும்: 4 அடிக்கு 2 அடித் தொட்டி, ஒன்றேகால் அடி ஆழம். அடியில் ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டுப் பரப்பி, மேலே ஒரு அடிக்கு 20 மில்லிமீட்டர் கருங்கல் ஜல்லி. தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஒரு ஓரத்தில் 3 அங்குலக் குழாயைச் செங்குத்தாக அடி வரை விட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் வழியே கசடை உறிஞ்சி எடுக்கலாம். இதைச் செய்யாமல் விட்ட படுகைகள் இரண்டாம் ஆண்டில் அடைத்து நாறுகின்றன.

கல்வாழை, வசம்பு, வெட்டிவேர், சேம்பு எல்லாம் இந்த ஊர் வெயிலுக்கு நன்றாக வரும். மண்ணை முழுவதும் அலசிவிட்டு வேரை ஜல்லியில் நடுங்கள். வெங்காயத்தாமரை வேகமாக வேலை செய்யும் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்; ஊர் ஏரிகளுக்கு அது செய்தது போதும்.

ஜல்லி மட்டும் 350 கிலோ வரும். தரைக்கு ஏற்றது, மாடிக்கு அல்ல. வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை மீன் பாதி எண்ணிக்கைதான். நாளுக்கு ஐந்து மணி நேரமாவது வெயில் படாத இடத்தில் செடி நோஞ்சானாகும். கல்வாழையில் பூச்சி வந்தால் மருந்து அடிக்கவே கூடாது.

### ஃபில்ட்டரே இல்லாமல்

மூன்று நாலு கோல்டு ஃபிஷ், அல்லது ஒரு கூட்டம் கப்பி, பரப்பில் பாதிக்கு அல்லி இலை, தீவனம் சிட்டிகை அளவு. நடக்கும். கொசுப்புழுவையும் தின்றுவிடும். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் அன்பு மிகுதியில் கைநிறையத் தீவனம் போடாதவரை.

## எந்த வீட்டுக்கு எது

சொந்தப் போர், வெயில் படும் தரை, பொறுமை: செடிப் படுகை, அதற்கு முன் கசடு பிடிக்க ஒரு சிறு டிரம்.

காவிரி மட்டும், இடம் குறைவு: டிரம். பாசி தொல்லை தந்தால் மட்டும் பிறகு யூ.வி. சேர்த்துக்கொள்ளலாம், முதல் நாளே வேண்டாம்.

டேங்கரை நம்பும் வீடு: குளத்தைப் பாதியாகச் சுருக்கி, மீனையும் சுருக்கி, செடியோடு நிறுத்துங்கள். பெரிய ஃபில்ட்டர் வாங்கும் பணத்தில் மழைநீர்த் தொட்டி வாங்கலாம்.

வாடகை வீடு: 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, டிரம்முக்குப் பதில் 50 லிட்டர் வாளி. காலி செய்யும்போது கூடவே வரும்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் சிமெண்டில் புதிதாகக் கட்டிய குளத்தில் சுண்ணாம்பு கரைந்து பி.எச். 10ஐத் தாண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டுக் கொட்டும் பழைய வழக்கத்தை மூன்று தடவை செய்து, பி.எச். 8.5க்குக் கீழே நிலைத்த பிறகுதான் மீன். விட்ட பிறகும் முதல் ஆறு வாரம் பாக்டீரியா வளரும் காலம்: ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். நைட்ரைட் ஏறினால் 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பைக் கரைத்து விட்டு, தீவனத்தை நிறுத்துங்கள்.

ஒரு சின்ன ஏர் பம்ப்பை மட்டுமாவது இன்வெர்ட்டரில் கோத்துவிடுங்கள். 5 வாட்தான் இழுக்கும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதால், இங்கே தண்ணீரில் கரையும் ஆக்சிஜன், அதே வெப்பத்தில் கடல்மட்டத்தில் கரைவதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு; கோடை இரவில் கரண்ட் போனால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். கொசுப்புகை வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டால் மட்டும் அந்த ஏர் பம்ப்பை அணைத்துவிட்டு, குளத்தை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, புகை கலையும்வரை அப்படியே விடுங்கள். அந்த மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் ஓடினால் புகையை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிவிடும்.